காட்டுப்பள்ளி வரை அண்ணியோடு

என் உயிரான ரோஸ்லின் அண்ணிக்கு,

நீ போன பிறகு வந்த முதல் மழைக்காலம் முடிந்துவிட்டது. உப்பளத்துப் பாத்திகளில் தண்ணீர் வடியத் தொடங்கியிருக்கிறது. வரப்பு மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது, சக்கரத்தை ஏற்றினால் உள்ளே இழுக்கிறது. இன்னும் இரண்டு வாரம் வெயில் அடிக்க வேண்டும். இதை முதலில் உன்னிடம்தானே சொல்ல வேண்டும்? அதனால் கடிதத்தை இதிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை நடத்துகிறார்கள். எல்லாரும் தென்சென்னைப் பக்கம். வடக்கே கரடுமுரடான பாதையில் ஓட்ட வழி இருந்தால் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். வழியை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நீதான் நிற்கிறாய். சரி, உனக்கே எழுதிவிடுகிறேன், அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்வேன். பொறுத்துக்கொள்.

நீ தூத்துக்குடி மளிகைக்கடை வீட்டுப் பெண். என் அண்ணன் சேவியரைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்தாய். வந்த புதிதில் நீ "அவிய", "அங்கன" என்று பேசினால் அம்மா என் காதில், "இன்னாடி பேசுது இது, ஒண்ணும் புரியமாட்டேங்குது" என்பாள். நீயோ தனியாக என்னைப் பிடித்து, "ஏட்டி, அத்த 'கீது கீது'ங்காவளே, அப்படின்னா என்ன?" என்று கேட்டாய். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் நான்தான் துபாஷி.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கூட வேலை பார்த்தவரின் மகன் வெளிநாடு போனபோது அவனுடைய கியர் சைக்கிளை அண்ணன் வாங்கிவந்தான். கட்டம் கட்டமாகப் பல் வைத்த தடித்த டயர், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு. மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். ராயபுரத்தில் மேம்பாலத்தை விட்டால் ஏது மலை? பத்து நாள் ஓட்டிவிட்டு, "குனிஞ்சே ஓட்டணும்மா, முதுகு பேஜாரா கீது" என்று மாடிப்படிக்குக் கீழே சாத்திவிட்டான். அம்மா அதன் ஹேண்டில்பாரில் துணி காயப்போட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீ அந்தத் துணிகளை எடுத்து மடித்து வைத்தாய். பிறகு சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்து வாசலில் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய்த் துணியால் செயினைத் துடைக்க ஆரம்பித்தாய்.

"ஸ்டெல்லா, இங்கன எங்கயோ உப்பளம் இருக்காமே?"

"எண்ணூரத் தாண்டி கீது அண்ணி. ரொம்ப தூரம்."

"நான் உப்பளத்து வரப்புல சைக்கிள் படிச்சவ. நாளைக்குக் காலையில உன் சைக்கிளயும் எடு."

என்னுடையது முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். அதில் எண்ணூர் வரை போக முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தலைக்கு அண்ணனின் மஞ்சள் துறைமுகத் தொப்பி. கைக்கு அவன் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நூல் கையுறை, விரல் நுனியை நீயே கத்தரித்துவிட்டிருந்தாய். செயினில் மாட்டாமல் இருக்க சுடிதார் காலில் ரப்பர் பேண்டு, துப்பட்டா குறுக்கே இறுக்கி இடுப்பில் முடிச்சு. அம்மா பால் பாக்கெட்டோடு வாசலில் நின்று உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "கப்பல்ல மூட்டை எறக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டாள். நீ சிரித்தாய். உள்ளே போய்க் கதவை அவள் சாத்திய வேகத்தில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த வழியைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். டோல்கேட்டைக் கண்டெய்னர் லாரிகள் அடைப்பதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டும். திருவொற்றியூர் தாண்டியதும் வலதுபக்கம் கடல், கரைக்குக் கொட்டிய கருங்கல். எண்ணூரில் டீ. ஆற்றுப் பாலம் கடந்து அத்திப்பட்டுப் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கினால் வண்டல் மண், அப்புறம் உப்பளம். வரப்பு ஒரு சைக்கிள் போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் தண்ணீரில் வானம் கிடக்கும். அதற்கப்புறம் சவுக்குத் தோப்பு, மணல், காட்டுப்பள்ளிக் கடல்.

மணல் வந்ததும் நான் இறங்கித் தள்ளுவேன். நீ டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, சின்னக் கியரைப் போட்டு, கால் வேகமாகச் சுற்ற, சைக்கிள் ஆமை மாதிரி நகர, இறங்காமலே போவாய். "பைய வா, அவசரப்பட்டா பொதைஞ்சிரும்" என்று முன்னாலிருந்து குரல் மட்டும் வரும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, இரண்டு சைக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவி செயினுக்கு எண்ணெய் விடுவது. உப்புக்காற்றில் ஒரு வாரம் விட்டால் செயின் காவி நிறமாகிவிடும். குழாயடியில் தண்ணீருக்கு வரிசை நிற்கிற தெருவில் சைக்கிளைக் குளிப்பாட்டியதற்கு நாம் வாங்கிய ஏச்சு கொஞ்சமா?

இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு நீ உண்டானாய்.

தெரிந்த அன்றிலிருந்து நீ சைக்கிளைத் தொடவில்லை. அம்மா உனக்குத் தினமும் மீன் தேடி காசிமேடு போனாள். மசக்கையில் நீ எதைக் கேட்டாலும் செய்து கொடுத்தாள், ஊர்ப்பேச்சு புரியாவிட்டாலும் கேட்டது என்னவென்று சரியாகப் புரிந்துகொண்டாள். நாலாம் மாதம் ஒரு மத்தியானம் வலி என்றாய். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து, சில கரு தங்காது, இதில் யார் தப்பும் இல்லை என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

யார் தப்பும் இல்லை என்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "சைக்கிள்ல குலுங்கிகினு போனா கர்ப்பப்பை தாங்குமா" என்றாள் ஒருத்தி. அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். "நா அன்னிக்கே சொன்னேன். ஆம்பள கணக்கா ஊரு சுத்துனா இப்டித்தான் ஆவும்." நீ உள் அறையில் படுத்திருந்தாய், உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் அம்மா ஒரு இரும்புச் சங்கிலி வாங்கிவந்து சைக்கிளை மாடிப்படிக் கம்பியோடு சேர்த்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நீ சமைத்தாய், துவைத்தாய், பூசைக்குப் போனாய். யாராவது கேட்டால் பதில் சொன்னாய். அழவே இல்லை. மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அண்ணன் என்னிடம், "இன்னா பண்றதுனே தெரியல ஸ்டெல்லா, எதுனா பேசேன் அவகிட்ட" என்றான். நான் என்ன பேசுவேன்? எனக்கு இருபத்திரண்டு வயது. உன்னோடு சைக்கிளில் பேசித்தான் பழக்கம்.

ஒரு ஞாயிறு நான் மட்டும் தனியாகப் போனேன். உப்பளம் வரை போகவே இல்லை, அதற்கு முன்பே சீமைக்கருவேல முள் ஏறி டயர் உட்கார்ந்துவிட்டது. எண்ணூர் வரை தள்ளிக்கொண்டு வந்து, ஒரு மீன் வண்டியில் சைக்கிளை ஏற்றி, வாசலில் இறங்கியபோது உச்சிவெயில். நீ ஜன்னலிலிருந்து பார்த்தாய்.

"என்னாச்சு?"

"முள்ளு அண்ணி. கடைக்கு எடுத்துனு போறேன்."

"கடைக்காரன் ஒரு ஓட்டைய ஒட்டிட்டு மத்தத விட்டுருவான். கொண்டா."

நீ எழுந்து வந்தாய். வாசலில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ட்யூபை உருவினாய். அம்மாவின் அரிசி களைகிற குண்டானில் தண்ணீர் எடுத்து ட்யூபைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினாய். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தா ஒண்ணு. இந்தா இன்னொண்ணு" என்றாய். உரசி, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்தாய். முள் முனை டயருக்குள் மிச்சமிருக்கிறதா என்று உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாய். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அரிசிக் குண்டானுக்காகச் சத்தம் போடப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறு ஞாயிறு விடிந்ததும் உனக்குக் காப்பி கொண்டுவந்த அம்மா டம்ளருக்குப் பக்கத்தில் சாவியை வைத்தாள்.

"நாலு பேரு நாலு வார்த்த சொன்னாளுங்கோ. நானும் சேந்து சொல்லிட்டேன். எனக்கு வேற யார திட்றதுன்னு தெரியலமா."

நீ சாவியைப் பார்த்தாய், எடுக்கவில்லை.

"எடுத்துனு போ. இப்டி செவுத்த பாத்துகினே இருந்தா நீயும் எங்கள வுட்டு பூடுவ. வெயிலு ஏறதுக்குள்ள வூடு வந்து சேரு."

அன்று நீ என்னோடு பேசிக்கொண்டே வரவில்லை. டோல்கேட், திருவொற்றியூர், எண்ணூர், எங்கேயும் நிற்கவில்லை, டீ கூடக் குடிக்கவில்லை. வரப்பில் ஏறியதும் உனக்கும் எனக்கும் நடுவே தூரம் விழுந்தது. பின்னாலிருந்து பார்த்தேன், உன் தோள் குலுங்கியது. முதலில் வரப்பின் மேடுபள்ளம் என்று நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது. நீ வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தாய். அந்த அகலமில்லாத வரப்பில், ஒரு முறைகூடச் சக்கரம் தடுமாறாமல்.

காட்டுப்பள்ளிக் கரையில் சைக்கிளை மணலில் கிடத்திவிட்டுக் கடலில் முகம் கழுவினாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"வீட்டுல அழுதா அத்த அழுவாவ. உங்க அண்ணன் அழுவாவ. அப்புறம் நான்தான் எல்லாரையும் தேத்தணும்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "பொம்பளப் பிள்ளன்னு நெனச்சிருந்தேன்டி" என்றாய்.

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அது போதுமாக இருந்ததா அண்ணி? உன்னிடம் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன், கேட்டதில்லை.

அதன் பிறகு பிள்ளை வரவில்லை. ஆனால் நீ திரும்பி வந்தாய். சண்டை போட்டாய், சிரித்தாய், வேலைக்குச் சேர்ந்த எனக்கு முதல் காரியமாகக் கியர் சைக்கிள் வாங்க வைத்தாய். ஞாயிறு காலையில் இரண்டு தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைக்கிறது அம்மாவின் வேலையானது. "எங்க வூட்டு மருமவ காட்டுப்பள்ளி வரைக்கும் மிதிச்சிட்டு வருவா, தெரியுமா" என்று குழாயடியில் அவள் பெருமை பேசியதை நானே கேட்டேன்.

பிறகு போன வருடம் மஞ்சள்காமாலை என்று ஆரம்பித்தது, கல்லீரல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீ வலியைப் பற்றிப் பேச மாட்டாய். "தண்ணி வத்திட்டா? செங்கால்நாரை வந்துட்டா?" என்றுதான் கேட்பாய். உனக்குச் சொல்வதற்காகவே ஞாயிறு தவறாமல் தனியாகப் போய்வந்தேன். எந்த இடத்தில் வரப்பு உடைந்திருக்கிறது, எங்கே புது மண் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவேன், நீ சவுக்குத் தோப்பு வருவதற்குள் தூங்கிவிடுவாய்.

இப்போது காட்டுப்பள்ளியில் பெரிய கப்பல் கட்டும் இடம் வரப்போகிறதாம். தோப்புக்குப் போகிற வழியில் ஒரு பக்கம் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தப் பாதை இன்னும் எத்தனை நாள் இருக்குமோ, தெரியவில்லை. பிள்ளைகளிடம் சீக்கிரம் வந்து பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

முக்கியமான சேதி ஒன்று. போன ஞாயிறு நான் கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்றிருந்தான். உன் சைக்கிளைத் துடைத்து, சீட்டை உயர்த்தி வைத்திருந்தான். "நானும் வரேன்" என்றான். திருவொற்றியூர் வருவதற்குள் நான்கு முறை நின்றான். வரப்பில் ஏறிய கொஞ்ச நேரத்தில் உப்புச் சேற்றுக்குள் பக்கவாட்டில் விழுந்தான், சைக்கிள் மேலே, அவன் கீழே. நான் பதறிப்போய் ஓடினேன். அவன் இடுப்பு வரை சேற்றில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். நீ போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சிரிப்பு நின்றதும் சுற்றிலும் பார்த்தான். பாத்திகள், தண்ணீர், தூரத்தில் தோப்பு.

"இவ்ளோ தூரமா வந்துகினு இருந்தீங்கோ?"

"இன்னும் போவணும்."

"ரோஸி ஏன் என்ன ஒரு தபா கூட கூப்புடல?"

"கூப்ட்டாங்க. மொத வருஷம் பூரா கூப்ட்டாங்க. நீதான் நைட் ஷிப்ட் முடிச்சி வந்து தூங்கிகினு இருந்த."

அவன் கையிலிருந்த சேற்றை மெதுவாக வழித்துப் போட்டான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம நீ எழுப்பு" என்றான். "திட்டுனாலும் வுடாத."

விட மாட்டேன் அண்ணி. சத்தியமாக விட மாட்டேன். போர்வையைப் பிடுங்குவேன், முகத்தில் தண்ணீர் தெளிப்பேன், அம்மாவை விட்டுக் கத்தச் சொல்வேன். மண் காய்ந்ததும் அவனைக் கடல் வரை கூட்டிக்கொண்டு போவேன்.

நீ "ஏட்டி" என்று கூப்பிட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிற உன் நாத்தனார்,
ஸ்டெல்லா
ராயபுரம்