பெயருக்கு நேரே நோய்

செவ்வாய்க்கிழமை

மத்திய அரசின் மருத்துவ உதவி யாருக்கு, எந்த நோய்க்குப் போகிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். எங்கள் துறைக் கூட்டத்தில் கைதட்டினார்கள்; பட்டியலும் இணையத்தில் ஏறியது.

இன்று அவனியாபுரத்திலிருந்து ஒரு தகப்பனும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"இவ பேருக்கு நேரா வலிப்புனு போட்டிருக்கு சார். மாப்ள வீட்டுக்காரங்க செல்லுல பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. பேரை எடுத்துருங்க," என்றார் தகப்பன்.

"உதவி வாங்குற வரைக்கும் எடுக்க முடியாதுண்ணே."

"அப்ப உதவி வேணாம்," என்றாள் மகள்.

"மாத்திரைக்கு என்னத்தா செய்வ?" என்றார் அவர்.

அவள் உதவியை விட்டுத்தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் பெயரை நீக்கினேன். காரணம் கேட்ட இடத்தில் 'சொந்த விருப்பம்' என்று நானே நிரப்பினேன்.