பெனால்டிக்கு உள்ளே போன அம்மா

அன்பு மகள் மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் இரண்டு ஆடுகளும் சுகம், என் உதடு மட்டும் வீங்கிப் போயிருக்கிறது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அங்கே குவாஹாட்டியில் நீயும் உன் இடது முழங்காலும் சுகம்தானே. தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா. போனில் கேட்கலாம் என்றால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய், எடுத்தாலும் டியூட்டியில் இருக்கேன்மா என்று வைத்துவிடுகிறாய். உன் கோபம் எனக்குத் தெரியாதா. கல்யாணத்தன்று குருமூர்த்தி பெரியப்பாவும் பெரியம்மாவும் தாலியை எடுத்துக் கொடுக்கட்டும், நான் பந்தி பக்கம் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதற்கு, நீ எடுத்துக் குடுக்கலன்னா எனக்குத் தாலியே வேணாம் போ என்று சொல்லிவிட்டு வைத்தவள்தானே நீ. அன்றிலிருந்து எனக்கு நின்றால் இருப்பு கொள்ளவில்லை, உட்கார்ந்தால் நிலை கொள்ளவில்லை. கடிதம் என்றால் நீ பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பெண்கள் ஃபுட்பால் டீமுக்குப் பெரம்பலூர் டவுன் டீமோடு ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகலாம், தோற்றால் இன்னும் ஒரு வருஷம் இதே மண்ணில் உருள வேண்டும் என்று கோச் முத்தமிழ்செல்வன் சார் சொல்லிவிட்டார். நீ ஊரை விட்டு வேலைக்குப் போய்விட்டாலும் நான் அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளைகளை விட்டேனா. எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் அவித்த கடலையைத் தூக்கில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, கால்ல என்ன மாவாடி ஆட்டுற, பந்த வுடுடி என்று தொண்டை கட்டக் கத்துகிறவள் நான்தான் என்பது உனக்கே தெரியும், நீ ஆடும்போது வெட்கப்பட்டு என்னைத் திட்டியிருக்கிறாயே. அப்படிப்பட்டவளிடம் சனிக்கிழமை சாயங்காலம் சின்னம்மாள் வந்தாள், நம் கோல்கீப்பர் பூவிழியின் அம்மா. நான் பட்டறையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் உடைத்துப் போட்ட முந்திரி ஓட்டைக் கையால் தள்ளித் தள்ளி விளையாடினாள். அப்புறம், அக்கா தப்பா நெனச்சுக்காதீங்க, நாளைக்கு வேன் கெளம்பும்போது எதிர்க்க வராதீங்க, போன ரெண்டு தடவையும் நீங்க வந்து வழியனுப்புனீங்க, ரெண்டுமே போயிடுச்சு, எனக்கொண்ணும் இல்லக்கா, ஊரு வாயி இருக்கே என்றாள். கிரவுண்டுக்கும் வரக்கூடாதா என்று கேட்டேன். அவள் குனிந்து இன்னும் ரெண்டு ஓட்டைத் தள்ளினாள். உன் அப்பா தவறி ஐந்து வருஷத்தில் வளைகாப்புக்கும் நிச்சயத்துக்கும் நானே ஒதுங்கிக்கொண்டேன், யாரும் சொல்ல விட்டதில்லை. பந்து விளையாட்டிலும் வந்து இது நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லையடி. அதுலென்ன சின்னம்மா, நான் வரல, வூட்டுல வேலை கெடக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தவள் கொட்டையை உடைக்காமல் விரலை நசுக்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் பிள்ளையார் கோவில் முன்னால் வேன் ஹாரன் அடிக்கிறது இங்கே வரை கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், குற்றவாளி மாதிரி. துவரம்பருப்பை அடுப்பில் வைத்தேன், தீய்ந்தது. ஆட்டை அவிழ்த்துக் கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன், அதுவே என்னை ஒரு மாதிரி பார்த்தது. கிரவுண்டுக்கு வரவில்லை என்றுதானே சொன்னேன், தூரத்தில் நிற்க மாட்டேன் என்றா சொன்னேன் என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர். அந்த டிரைவர் ஓட்டினாரா உருட்டினாரா தெரியவில்லை, கை காட்டினவனுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி என் உயிரை வாங்கிவிட்டார்.

மைதானத்துக்குள் போகவில்லை. வெளியே கரும்பு ஜூஸ் வண்டி ஒன்று நின்றது, அதன் பக்கத்தில் ஒரு கல். கல் மேல் ஏறி நின்றால் மதில் சுவருக்கு மேலே பாதி மைதானம் தெரியும், ஒரு பக்கத்துக் கோல் மட்டும்தான். என் நேரத்துக்கு முதல் பாதியில் அங்கே நின்றது நம் பூவிழி. ஆக நம் பிள்ளைகள் முன்னேறிப் போனால் எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் நம் மேல் ஏறி வந்தால் மட்டும் நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோல் வாங்கினோம். நான் கல்லை விட்டு இறங்கினேன், ஏறினேன், ஜூஸ்காரரே எம்மா வுழுந்து வெச்சுடாதீங்க என்று கத்தினார். பதற்றத்தில் நகத்தைக் கடித்துவிட்டேன். முந்திரி ஓட்டு எண்ணெய் ஏறின நகத்தை யாராவது வாயில் வைப்பார்களா, நீயே சொல், வைத்தேன், உதடு எரிந்து பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறினார்கள், இப்போது அவர்கள் கோல் என் கண்ணெதிரே. கேப்டன் ஆர்த்தி இரண்டு பேரைத் தாண்டி வந்து அடித்தாள் பார் ஒரு அடி, வலை கிழிந்ததோ என்றிருந்தது. வீங்கின வாயோடு நான் போட்ட சத்தத்தில் வண்டியிலிருந்த டம்ளர் உருண்டது.

ஆளுக்கு ஒரு கோலோடு ஆட்டம் முடிந்து பெனால்டிக்கு வந்துவிட்டது. அதை வைத்தார்களே அந்தப் பக்கத்துக் கோலில், எனக்குத் தெரியாத பக்கத்தில். ஆளெல்லாம் ஓ என்கிறார்கள், யாருக்கு ஓ என்று புரியவில்லை. அப்புறம் ஒரே அமைதி, அதுதான் தாங்க முடியவில்லை. உள்ள போயித்தான் பாருங்களேம்மா, யாரு வேணாங்குறா என்றார் ஜூஸ்காரர். யார் வேண்டாம் என்றது என்று அந்த மனுஷனுக்கு என்ன தெரியும். கல் மேலேயே நின்று யோசித்தேன். நான் போய்த் தோற்றால், இவ வந்தா அதான் தோத்துச்சு என்பார்கள். நான் போகாமல் தோற்றால், நீங்க வராமலேயே தோத்துடுச்சுக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல என்று ஒருத்தியாவது வந்து சொல்லப்போகிறாளா. வாழ்நாள் முழுக்கச் சொல்ல மாட்டாள். அப்படியிருக்க நான் யாருக்காக இந்தக் கல் மேல் நிற்கிறேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

நான் கேட்டைத் தாண்டவும் ஆர்த்தி அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகவும் சரியாக இருந்தது. சாமி. நம் ஊர் சனம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு விநாடி காலைப் பின்னால் வைத்தேன் மஞ்சு, பொய் சொல்ல மாட்டேன், திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. அப்புறம் என்ன வந்ததோ, நேராகப் போய் முன் பெஞ்சில் சின்னம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து கொடுத்தாளா நகர்ந்து போனாளா என்று நான் பார்க்கவில்லை. பூவிழி, பந்தப் பாருடி, ஆளப் பாக்காத என்று கத்தினேன். அடுத்ததை அந்தப் பிள்ளை இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். நாம் ஒன்று போட்டோம், சரிசமம். அவர்களுடைய கடைசிப் பந்தைப் பூவிழி கீழே விழுந்தபடியே காலால் தடுத்தாள். மிச்சம் நம்முடைய ஒன்றுதான், அடிக்க வந்தது நம் சக்தி, அந்தக் குட்டிப் பெண், நீ ஷூ கட்டச் சொல்லிக் கொடுத்தாயே அவளேதான். மொத்தக் கூட்டமும் கண்ணை மூடிக்கொண்டது, நான் மூடவில்லை. வந்ததே பார்க்கத்தானே. பந்து உள்ளே போனதை முழுசாகப் பார்த்தேன்.

அப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. சின்னம்மாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நீங்க வந்து குந்துன அப்புறம்தாங்க்கா எம்மவ தடுத்தா, இனிமே எல்லா மேட்சுக்கும் நீங்கதான் முன்னாடி வரணும், நீங்கதான் எங்க ராசி என்று அழுதாள். உள்ளுக்குள் ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் உடனே சுருக்கென்றும் இருந்தது, அந்தக் குட்டி தவற விட்டிருந்தால் இந்தக் கை என் கழுத்தில் இருந்திருக்குமா. அவள் கையை மெதுவாக எடுத்துப் பிடித்துக்கொண்டு, என்னை ராசியாவும் ஆக்காத சின்னம்மா, ராசியில்லாதவளாவும் ஆக்காத, ஜெயிச்சது உம்மவ காலு, நான் பாக்க வந்தேன், அம்புட்டுதான் என்றேன். வீங்கின உதட்டோடு சொன்னதில் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள், வேனில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்ததும் அவள்தான்.

வேனில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். பெரியப்பாவிடம் நானே பேசியும்விட்டேன், முதலில் முணுமுணுத்தார், அப்புறம் ஒம் பொண்ணு, ஒம் பாடு என்றார். பாடாலூர் சம்பந்தி வீட்டுக்கு நாளைக்கு நானே நேரில் போகிறேன், மாப்பிள்ளை வேல்முருகன் உன் பக்கம் என்பதால் பயமில்லை. யாராவது முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், நான் காலைப் பின்னால் வைக்க மாட்டேன். உன் தாலியை நான்தான் எடுத்துக் கொடுக்கப்போகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருங்கள். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, முழங்காலுக்குத் தைலம் மறக்காதே. இன்னொன்று, உன் கல்யாணத்துக்குக் கட்ட என்று அழுக்குத் தெரியாத கருநீலத்தில் ஒரு சேலை எடுத்து வைத்திருந்தேன், பந்தி பக்கம் நிற்கிறவளுக்கு அது போதும் என்று. அதைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். நீ பட்டு எடுக்கும்போது எனக்கும் ஒன்று எடு, நம் டீம் சட்டை மஞ்சளில், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போனை எடுப்பாய் என்று காத்திருக்கும் உன் அம்மா,
வெ. வெற்றிச்செல்வி,
ஆண்டிமடம்.