பட்டாணிப் பொட்டலம் இருந்த இடம்

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்ட முந்திரி ஐஸ்கிரீம் ரொம்பச் சுலபம். பாப்பாவின் பிறந்தநாளில் மிஞ்சிய அரை டப்பா கெட்டிப்பாலையும் ஒரு கிண்ணம் க்ரீமையும் கலந்தேன். ஒரு பிடி முந்திரியை வறுத்து, துணியில் முடிந்து, இஞ்சி இடிக்கிற இரும்புக் குழவியால் தட்டினேன். மிக்ஸி ஜார் போன மாதமே சுவரில் பட்டுச் சிதறிவிட்டது.

தட்டிக்கொண்டிருக்கும்போது உன் அத்தான் வந்தார். "யாரைக் கேட்டு முந்திரியத் தொட்ட?" என்று என் முடியைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் மோதினார். இரண்டு தடவை. அது வழக்கம்தான். ஆனால் "அம்மாவ விடுப்பா" என்று குறுக்கே வந்த பாப்பாமீது கையை ஓங்கினார். குழவி என் கையிலேயே இருந்தது. ஓங்கிய கையில் ஒரே போடு போட்டேன். மணிக்கட்டு முறிந்த சத்தம், முந்திரி உடைகிற சத்தத்தைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

போன தடவை வந்தபோது, "தேதி போன பட்டாணிய எதுக்குக்கா ஃப்ரீசர்ல அடைகாக்குற?" என்று நீ சிரித்தாய். தூக்கிப்போட எடுத்தபோது பிடுங்கிக்கொண்டேன். அது சமைக்க வாங்கியதில்லையடி. என் கன்னத்துக்கும் தோளுக்கும் ஒற்றி ஒற்றியே நசுங்கிய பொட்டலம்.

இன்று அதை அவர் மடியில் போட்டேன். "வச்சுக்குங்க, வீக்கம் வடியும்" என்றேன். மறு கையால் எடுத்து ஒற்றிக்கொண்டார்.

முந்திரியையும் கலந்து ஃப்ரீசரில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறு, மறந்தால் நறநறக்கும். என் ஃப்ரீசரில்தான் டப்பா வைக்க இடமே இருக்காதே. இன்று பட்டாணி இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அக்கா