அரை டிக்கெட் என்று உன்னைக் கூப்பிட்டார்கள்

நான் மயங்கி விழவில்லை, தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரமாகப் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என்னைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. சர்ச்சின் பங்குக் கூடத்தில் முதியோர் தினத்தன்று படம் ஓடும்போது எனக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றியதாம், அதனால் பாதியில் எழுந்து போனேனாம். இன்னொரு கதையும் உண்டு. கான்வென்டில் படித்த இந்த அம்மாவுக்குத் தமிழ்ப் படக் காமெடி என்றால் இளக்காரம் என்று. இரண்டும் தவறு. அன்று என் சர்க்கரை சரியாக இருந்தது. பிரியாணி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். காமெடிக்கு நான் சிரிப்பேனா மாட்டேனா என்பது உனக்குத் தெரியும்.

நான் எழுந்து போனதற்குக் காரணம் நீ.

பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து இளைஞர் குழுவினர் ஒரு பழைய படத்தைப் போட்டார்கள். முதல் பாட்டின் மேளச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் தியேட்டரில் நூறு நாள் ஓடிய அதே படம். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள், பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி வருவான். கதாநாயகனின் நண்பன் அவன் பின்மண்டையில் ஓங்கித் தட்டி, “போடா அரை டிக்கெட்டு!” என்பான். அடி வாங்கியவன் சிரிப்பான். அவ்வளவுதான் அந்தக் காமெடி.

கண்டோன்மெண்ட் பக்கம் நீ டிக்கெட் கிழித்த அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. அந்த இடத்தில் துணிக்கடை வந்து பல வருஷமாகிறது. கோலார் தங்கவயலில் அப்பா இறந்த பிறகு உன்னை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் கணவர் தனக்குத் தெரிந்த தியேட்டர் மேனேஜரிடம் உன்னைக் கூட்டிப் போனார். “ஒரு மாசம் பார்க்கலாம்” என்றார் அவர். நீ பதினாறு வருஷம் இருந்தாய். உன் காக்கிச் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுப்பேன், மடிப்பு கொஞ்சமும் கலையக் கூடாது எனக்கு.

உனக்கு இருபதுக்கு மேல் எண்ண வராது. ஆனால் உள்ளே போன ஒவ்வொரு முகமும் நினைவிருக்கும். இடைவேளையில் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் நீ பாதி டிக்கெட்டைக் கேட்டதே இல்லை. கூட்டத்தோடு நுழையப் பார்க்கும் புது ஆளை மட்டும் சரியாகக் கையை நீட்டி நிறுத்துவாய். ஒருமுறை முதலாளியின் மாப்பிள்ளையையே நிறுத்திவிட்டாய். “நான் யாரு தெரியுமா?” என்று அவர் கன்னடத்தில் அதட்டினார். நீயும் கன்னடத்திலேயே சொன்னாய்: “கொத்து சார். டிக்கெட் தோர்ஸி.” தெரியும் சார், டிக்கெட்டைக் காட்டுங்கள் என்று. மேனேஜர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உனக்குப் பிடிக்கும். அது உன் பக்கத்துச் சிரிப்பு.

உன்னைத் தெய்வக் குழந்தை என்று சொன்னவர்களையும் நான் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஈரல் துண்டுகளை எல்லாம் தின்றுவிட்டுப் “பூனை” என்று சாதிப்பாய். நம் வீட்டில் பூனையே கிடையாது. ஆனால் என்னிடமும் ஒரு சொல் இருந்தது. ஆபீசில் யாராவது விசாரித்தால், “மை பிரதர் இஸ் எ லிட்டில் ஸ்லோ” என்பேன். நல்ல ஆங்கிலத்தில் சொன்னால் அது மரியாதையாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் படம் வந்தபோது ஆபீஸ் தோழிகளோடு ஒரு ஞாயிறு மேட்னிக்கு வந்தேன். அந்த இடம் வந்ததும் நானும் சிரித்தேன். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல். எங்கள் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். ஆனாலும் சிரித்தேன். நடுவில் திரும்பிப் பார்த்தபோது உன் வாசல் திரை ஆடிக்கொண்டிருந்தது. நீ அங்கே இல்லை. பாத்ரூமுக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன்.

படம் விட்டுக் கூட்டம் வெளியே வரும்போது யாரோ ஒருவன் உன் பின்மண்டையில் தட்டி, “என்னா அரை டிக்கெட்டு, எல்லாருக்கும் பாதி கிழிச்சுக் குடுத்தியா?” என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் தோழிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் வந்து சொன்னேன்: “பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதே. பட்டனை ஒழுங்காப் போடு.”

உன் பட்டன் சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பஸ்ஸில் ஏறினால் நீ ஒரு புதுப் பழக்கம் பிடித்தாய். கண்டக்டர் வந்ததும், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “எனக்கு ஃபுல் டிக்கெட்!” என்பாய். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் உன் கையைக் கிள்ளினேன்.

“ஏன்டா கத்தறே? முப்பது வயசு ஆளுக்கு எவன்டா அரை டிக்கெட் குடுப்பான்?”

“குடுக்குறாங்களேக்கா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ ஏதோ உளறுகிறாய் என்று நினைத்தேன். அப்படித்தான் தம்பி, உளறல் என்றுதான் நினைத்தேன். ‘நல்லவேளை, இவனுக்கு இதெல்லாம் புரியாது’ என்று உறவுக்காரர்கள் ஆறுதல் சொன்னபோது தலையாட்டினேன்.

உன் அடக்கத்தன்று தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் மாலையோடு வந்தார். “அந்தப் படம் ஓடின நாளெல்லாம், ஒவ்வொரு ஷோவுக்கும், அந்தக் காமெடி வர்ற நேரம் பார்த்து வெளிய வந்துருவாரும்மா. எங்கூட நின்னு சைக்கிளை எல்லாம் வரிசையா நிறுத்துவாரு. உள்ள சிரிப்புச் சத்தம் அடங்கினப்புறம்தான் போவாரு” என்றார். நான் அவருக்குக் காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாளுக்கு நான்கு ஷோ, நூறு நாள். நானூறு முறை நீ எழுந்து போயிருக்கிறாய். நான் ஒருமுறைகூடப் பின்னால் வரவில்லை.

அதனால்தான் அன்று பங்குக் கூடத்தில், அந்தப் பின்மண்டை அடி விழுவதற்கு முன்பே எழுந்தேன். ஓரமாகப் போகவில்லை, நடுவில் நடந்து போனேன். வெளியே ஸ்கூட்டர்கள் தாறுமாறாக நின்றன. அவற்றின் நடுவே நின்றேன். உள்ளே சிரிப்பு எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் மெர்லின் வந்தாள். எதிர்வீட்டுப் பெண். இருபத்தாறு வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். பேக்கரியில் பன் பாக்கெட் போடும் வேலை. அன்று கூடத்தில் ஐஸ்கிரீம் பரிமாறிக்கொண்டிருந்தாள்; கையில் கரண்டி அப்படியே இருந்தது.

“ஏன் ஆன்ட்டி வெளிய வந்துட்டீங்க?”

“நீ ஏன்மா வந்தே?”

“எனக்குப் பிடிக்கல. என்னை மாதிரி ஆளை அடிக்கிறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்க மம்மியும் சிரிச்சாங்க.”

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “நான் போய் நிறுத்தச் சொல்றேன். நீங்களும் வாங்க” என்று திரும்பி நடந்தாள்.

நேராக லேப்டாப் வைத்திருந்த பெண்ணிடம் போய், “நிறுத்து” என்றாள். “ஐயோ மெர்லின், சும்மா ஜாலிக்குத்தானேமா” என்றாள் அந்தப் பெண். “எனக்கு ஜாலியா இல்ல.” முன் வரிசையில் ஒரு ரிட்டயர்டு ஆசாமி, “இப்பல்லாம் ஒரு ஜோக்குக்குச் சிரிக்க முடியல, விடுங்கப்பா. அந்தப் பொண்ணுக்கு என்ன புரியும்?” என்றார்.

“புரியுது” என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “அவளுக்குப் புரியுது. என் தம்பிக்கும் புரிஞ்சுது. எனக்குத்தான் லேட்டாப் புரிஞ்சுது. படத்தை நிறுத்தும்மா.”

நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத மாட்டேன். இரண்டு மூன்று பேர் முணுமுணுத்துக்கொண்டே கைப்பையை எடுத்தார்கள். மெர்லினின் அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்; அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், சிரித்துவிட்டுத் தலைகுனியும் அந்த இடம் எனக்குப் பழக்கமானது. “அப்ப என்ன படம் போடறது, நீயே சொல்லு” என்று லேப்டாப் பெண் கேட்டாள், கொஞ்சம் எரிச்சலோடுதான். மெர்லின் யோசிக்கவே இல்லை. “பேய்க் காமெடி.” போட்டார்கள். பேயைப் பார்த்து ஒரு பண்ணையார் கிணற்றில் விழுந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. முன் வரிசை ஆசாமியும் சிரித்தார். அடுத்த முறை படம் தேர்ந்தெடுக்க அவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, பழக்க தோஷத்தில், “யு ஆர் நாட் ஸ்லோ அட் ஆல்” என்று பாராட்டினேன். நின்று என்னைப் பார்த்தாள். “ஸ்லோ இல்ல ஆன்ட்டி. பாக்கெட் போடறதுல நான்தான் ஃபாஸ்ட். ஓனரைக் கேளுங்க.” அந்த ஆங்கிலச் சொல்லை அன்றோடு விட்டேன், தம்பி. எண்பது வயதில் ஒரு சொல்லை விடுவது சுலபமில்லை. உன் ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ‘குடுக்குறாங்களேக்கா.’ யாராவது, யாரையாவது, கொஞ்சம் குறைத்துப் பேசும்போது அது என் காதில் கேட்கிறது. இப்போதெல்லாம் கேட்டவுடன் வாயைத் திறக்கிறேன்.

போன சனிக்கிழமை மெர்லின் வீட்டுக்கு வந்தாள். அந்த அரை டிக்கெட் படத்தை எடுத்தவர் இன்னும் படம் எடுக்கிறாராம். அவருக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். அவளுக்குப் படிக்க வரும், எழுத நேரமாகும். அதனால் அவள் சொல்ல நான் எழுதினேன். எத்தனையோ அதிகாரிகளின் கடிதங்களைத் திருத்தி டைப் அடித்தவள் நான், உனக்குத் தெரியும். இதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. தபாலில் சேர்த்துவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி:

“டைரக்டர் அங்கிள், என் பேர் மெர்லின். எனக்கு டவுன் சிண்ட்ரோம். நான் பேக்கரியில வேலை செய்றேன். உங்க படத்துல அந்த ஆளை அடிக்கிறாங்க. அவரு ஒரு தப்பும் பண்ணல. அவருக்கு ஏன் நீங்க பேர் வைக்கல? அடுத்த படத்துல என்னை மாதிரி ஆள் வந்தா பேர் வைங்க. வேலை குடுங்க. அவங்களும் ஜோக் சொல்லட்டும், எங்களுக்கும் ஜோக் தெரியும். இதுக்கு போன் பண்ணாதீங்க, போன்ல மம்மிதான் பேசுவாங்க. லெட்டர் எழுதுங்க. என் பேருக்கு எழுதுங்க. நான் படிச்சுக்குவேன்.”