முப்பத்தெட்டாம் நிமிஷத்தில் அறுந்த கோடு

அவனியாபுரம், மதுரை
17.8.2008

அன்பு மகன் ஸ்ரீநாத்துக்கு அப்பா ஆசீர்வாதம். நானும் அம்மாவும் தம்பி ஹரிஷும் இங்க சௌக்கியம், ஜெர்மனியில நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கணும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் குறையலை, நீ போட்டோ அனுப்பலைன்னு தினம் என்னைத்தான் வையிறா.

விஷயத்துக்கு வாரேன். நீ நெட்ல ஒரு புரோகிராம் போட்டிருக்கியாமே, கம்ப்யூட்டர்ல ஆடி முடிச்ச படைச் சண்டை ஆட்டத்தோட ரீப்ளே ஃபைலைக் கொடுத்தா யாரு எந்த நிமிஷம் என்ன செஞ்சாங்கன்னு ஆளுக்கு ஒரு கோடா நீளப் படமா வரைஞ்சு தருமாம். ஹரிஷ் அதை எடுத்து, நீங்க ஒரே கட்சியா ஆடுன அந்தக் கடைசி ஆட்டத்தைப் போட்டுப் பாத்திருக்கான். எட்டுத் தாளை ஒட்டி மாடிச் சுவர்ல தொங்க விட்டிருக்கான். எனக்கு என்ன தெரியும், அவன்தான் விரல் வச்சுக் காட்டுனான். தோத்து விலகுனா சிவப்புக் கொடி வருமாம், உன் கோட்டுல கொடி இல்லை. உன் குதிரைப்படை பூரா தம்பி கோட்டையைக் காப்பாத்தக் கிளம்பியிருக்கு, முப்பத்தெட்டாம் நிமிஷத்துல கோடு அப்படியே அறுந்து நிக்குது. அன்னைக்கு நிஜமாவே கரண்ட் போச்சாப்பான்னு கேட்டான். ஞாபகம் இல்லைன்னுட்டேன். மூணு நாளா மாடிப் பக்கமே நான் போகலை.

ஒரே கம்ப்யூட்டர்ல நீ மவுஸும் அவன் கீபோர்டுமா உக்காந்து, நம்ம சௌராஷ்டிர பாஷையில வீடே அதிரக் கத்துவீங்களே, அந்தச் சத்தத்துக்கு நான் எம்புட்டுத் திட்டியிருப்பேன்! இப்ப அது கேக்காதான்னு இருக்குடா. அன்னைக்கு மட்டும் அவன் பின் தெருவுல சிநேகிதன் கைலாசநாதன் வீட்டுல இருந்து நெட் வழியா ஆடுனான், நீ நம்ம மாடியில. மூணு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் நீ வரலை. ஆத்திரத்துல மாடி பீஸ் கட்டையைப் பிடுங்குனது நான்தான். அவன் ஓடி வந்து கேட்டப்ப நீ கரண்ட் போச்சுன்னே; கரண்ட் எங்க போச்சு, கீழ ஃபேன் சுத்துதேன்னு சொன்னதும் நான்தான். நட்டாத்துல விட்டுட்டு ஓடிட்டுப் பொய் வேற சொல்றியான்னு அவன் உன்னைக் கேட்டான். விளையாட்டுச் சண்டைதானே, சாயங்காலம் சேந்துக்குவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். நீ பிளேன் ஏறுறப்பக்கூட அவன் வரலை. மூணு வருஷம் ஓடிப்போச்சு. பெத்தவன் செய்யிற காரியமா இது?

நேர்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால இந்தக் கடுதாசியைக் கார்பன் வச்சு எழுதுறேன், அடித்தாள் ஹரிஷுக்கு. இதைத் தபால்ல போட்டுட்டு வந்து அவன் மேசையில வச்சிருவேன், உனக்கு முன்னாடி அவன் படிச்சிருவான். இது கிடைச்சதும் வர்ற ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, நான் எடுக்க மாட்டேன், அவன்தான் எடுக்கணும். திட்டுறதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து என்னைத் திட்டுங்க. நல்லா இருங்கப்பா.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேருக்கும் அப்பா
துளசிராம்