எந்த நடனத்தில் சேரட்டும் என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு படுத்து, சளி கிளி பிடிக்காமல் இருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். ஒரு குறையுமில்லாமல் என்று எழுதிவிட்டேன், அது முழு உண்மை இல்லை, அதற்குத்தான் இந்தக் கடிதமே. டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. இந்த நேரத்துக்கு என்னிடம் கார் ஓட்டப் பழக வரவேண்டியவர் ஒரு பல் டாக்டர். ஊரார் பல்லையெல்லாம் பயமில்லாமல் பிடுங்குகிறவர், நாலு சாலை சேரும் இடத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறார், அதனால் பாடத்துக்கு எப்போதும் தாமதமாகத்தான் வருவார். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாதென்று உனக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்தாயிற்று, சீட்டுக்கடியில் கிடந்த காகிதத்தையெல்லாம் பொறுக்கியாயிற்று, இனி உனக்கு எழுதினால்தான் மனசு ஒரு நிலையில் நிற்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, உன் ஆபீசுக்குப் பக்கத்தில் ஜோடி நடனம் சொல்லித் தருகிறார்கள், சல்சா, டாங்கோ, வால்ட்ஸ், ஸ்விங் என்று ஏதேதோ போட்டிருக்கிறது, எனக்கோ ஒன்றும் தெரியாது, முதலில் எதில் சேரட்டும் என்று. கேட்டுவிட்டு, உன்கிட்ட போய்க் கேக்கறேன் பாரு என்று நீயே சிரித்தாய். நான் பதில் சொல்லாமல் சித்தி வீடு மாற்றிய கதைக்குத் தாவினேன். அவள் கட்டில் மாடிப்படி திரும்பாமல் பாதியில் மாட்டிக்கொண்டது வாஸ்தவம்தான், ஆனால் அதற்காகப் பேச்சை மாற்றவில்லை. அப்பா எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் என்னவென்றால், நானும் அப்பாவும் சில மாதங்களாக அதே மாதிரி ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். வாயைப் பிளக்காதே, ஈ போய்விடும். நம் டிரைவிங் ஸ்கூலுக்கு நாலு கடை தள்ளி, பெயின்ட் கடைக்கு மேலே ஒரு கூடம் இருக்கிறதல்லவா, அங்கேதான், சனிக்கிழமை சாயந்திரம்.

ஏன் போனோம் என்பதைச் சொல்லாமல் எதில் சேருவது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கப்பாவுக்குக் காது கேட்கவில்லை. எழுதிவிட்டேன். ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்றில் நேரே நின்று முகம் பார்த்துப் பேசினால் கொஞ்சம் கேட்கும். அத்தனை வருஷம் அச்சகத்தில் அந்தப் பெரிய மிஷினை ஒட்டியே நின்ற காது. போன் என்றால் அவருக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. நீ ஊருக்குப் போன புதிதிலேயே தொடங்கிவிட்டது. அதனால்தான் நீ பேச ஆரம்பித்ததும், ம், சரிம்மா, அம்மாகிட்ட குடுக்கறேன் என்று போனை என்னிடம் தள்ளுவார். நீ காய்ச்சலில் தனியாகக் கிடந்த அன்று, அப்பா, எனக்கு உடம்பு சரியில்லப்பா என்று நீ சொன்னதற்கு, ரொம்ப சந்தோஷம்மா, நல்லா இரு என்றாரே, அவர் காதில் நீ சொன்ன ஒரு சொல்லும் விழவில்லை தங்கம். நல்ல செய்தி ஏதோ சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னார். அன்றிலிருந்து நீ அப்பாவிடம் போனைக் கொடு என்று கேட்பதே இல்லை. நான் இவ்வளவு தூரம் வந்தது அப்பாவுக்குப் பிடிக்கல, அதான் அவர் மனசு மரத்துப்போச்சு என்று நீ என்னிடம் சொன்னபோது எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவளுக்குத் தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா, சொல்லவே கூடாது என்று. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவர், நடுவில் நான் எதையெதையோ சொல்லிச் சமாளித்துக்கொண்டு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சத்தியமாவது ஒன்றாவது.

டாக்டர் வந்துவிட்டார், பிறகு எழுதுகிறேன்.

வந்தார், ஓட்டினார், ஒரு குப்பைத்தொட்டியோடு போயிற்று. எங்கே விட்டேன்? காதுக்கு வைக்கும் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, தகரத்தைத் தெருவில இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு என்று கழற்றி வைத்தார். அதோடு சாயந்திரம் சீட்டாடப் போவது நின்றது, கடைக்குப் போவது நின்றது. பேப்பரில் வரும் கட்டப் புதிரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். நானோ நாளெல்லாம் கிளட்ச், கியர், கண்ணாடியப் பாரு என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், வீடு மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும். ஒரு மனுஷர் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும் சொல். அப்போதுதான் ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் சொல்லித் தரும்போது பின்கண்ணாடியில் அந்தக் கூடத்தின் பலகை தெரிந்தது. ஆரம்பநிலை, ஜோடி நடனம், ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பு ஆடிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று. அவரிடம் கேட்கவில்லை. சட்டை மாத்துங்க, வெளிய போறோம் என்றேன். எங்கே என்று அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை, நல்லவேளை.

சொல்லித் தருகிற அம்மா பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர், எல்லோரும் கண்ணாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் சல்சா. அது என் தேர்வு. மைக்ரோவேவ் மணியடிப்பதற்குள் கதவைத் திறக்கிறவள் நான், வேகமானதைத் தவிர வேறு எதைக் கேட்பேன்? ஆனால் அந்தப் பாட்டில் ஆளுக்கொரு பக்கமாக ஏழெட்டு வாத்தியம் ஓடுகிறது, அப்பாவுக்கு அத்தனையும் சேர்ந்து ஒரே இரைச்சல். பக்கத்து ஜோடியின் காலைப் பார்த்துப் பார்த்து ஆடினார், எல்லோரும் திரும்பி முடித்தபிறகு இவர் திரும்பினார். பாதியிலேயே, நீ ஆடிட்டு வா, நான் படிக்கட்டுல உக்காந்திருக்கேன் என்று போய்விட்டார். நல்லதைச் செய்யப் போய் மனுஷரை இன்னும் நோகடித்துவிட்டோமோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்த வாரம் வரவே மாட்டார் என்று நினைத்தேன், டீச்சர்தான் படிக்கட்டில் போய் எதிரே நின்று, டாங்கோ வெறும் நடைதான் சார், நடக்கத் தெரியுமில்ல என்று கேட்டார். அதற்கு வந்தார். அந்த முறை கெடுத்தது நான். டாங்கோவில் நடுநடுவே நிற்க வேண்டும், அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று காத்திருக்க வேண்டும். எனக்கு நின்று பழக்கமில்லை. அதைவிடப் பெரிய கூத்து, என் வலது கால். மாணவர் ஓட்டும்போது என் பக்கத்துப் பிரேக் மேலேயே கிடந்து பழகிய காலல்லவா, அவர் என்னை நோக்கி ஒரு எட்டு வைத்தாலே அது தானாகக் கீழே அழுத்துகிறது. கீழே பிரேக் இல்லை, உங்கப்பாவின் பெருவிரல்தான் இருக்கிறது. என்ன வேலை பாக்கறீங்க என்று டீச்சர் கேட்டார், சொன்னதும் கூடமே சிரித்தது. அப்பாவுக்கு அது எப்படிக் கேட்டதோ, இவ அந்தக் காலக் கழட்டி கார்லயே வெச்சுட்டு வரணும் என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் பலர் நடுவில் பேசிய முதல் பேச்சு அதுதான். ஸ்விங் பக்கம் போகவில்லை, என் முழங்கால் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

கடைசியாக வால்ட்ஸ். எனக்கு அதில் இஷ்டமே இல்லை, கிழவன் கிழவி ஆடுகிறது என்று நினைத்திருந்தேன், நாம் யாராம். அன்று கூடத்தின் மூலையில் தரையிலேயே பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்திருந்தார்கள். மரப்பலகைத் தரை. பாட்டு தொடங்கியதும் அப்பா நின்ற இடத்தில் நின்று குனிந்து தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பெலமாக ஒன்று, மெலிசாக இரண்டு, பெலமாக ஒன்று, மெலிசாக இரண்டு என்று அந்தத் தாளம் பலகை வழியாக அவர் காலுக்கு வந்திருக்கிறது. அச்சகத்தில் மிஷின் ஓட்டம் மாறினால் கால் வழியாகத் தெரியும் என்று முன்பெல்லாம் சொல்வாரே, நான்தான் காது கொடுத்துக் கேட்டதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிசகில்லாமல், அந்தப் பெலமான அடியில் சரியாகக் காலெடுத்து வைத்தார். என்னைக் கேட்காமலே டீச்சரிடம் போய், நாங்க இதுலயே இருக்கோம் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அவர் பின்னால் பார்க்காமல் என்னை இழுத்துக்கொண்டே பின்வாங்குவார், நான் நாற்காலி நாற்காலி என்று கத்துவேன், அவருக்கு எங்கே கேட்கிறது, அடுக்கி வைத்திருந்த நாற்காலி மேலேயே போய் விழுந்தோம். டீச்சர் வந்து, மேடம், வாய மூடுங்க, கையால சொல்லுங்க என்றார். யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை, கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அடுத்த சுற்றில் அவர் தோளில் இரண்டு விரலை லேசாக அழுத்தினேன், மனுஷர் அந்த இடத்திலேயே நின்றார். அதிலிருந்து வீட்டிலும் சமையலறையிலிருந்து கத்துவதை விட்டுவிட்டேன். கிட்டே போய்த் தோளைத் தொட்டு, அவர் திரும்பியபிறகு பேசுகிறேன். பதில் வருகிறது. சில நாள் கேட்காததற்கும் பதில் வருகிறது, அதுவும் தொல்லைதான்.

ஆக நீ கேட்டதற்கு வருகிறேன். இவர்கள் சொல்கிற பேரையும் போட்டுக்கொள்கிற உடுப்பையும் பார்த்துச் சேராதே. ஒவ்வொன்றிலும் ஒரு நாள் ஆடிப் பார்க்க விடுவார்களா என்று கேள். பாத்திரம் கழுவும்போது எந்தப் பாட்டு உன் காலை ஆட்டுகிறதோ அதில் சேர். ஜோடி மாற்றி மாற்றி ஆட விடுகிற வகுப்பாகப் பார், அப்போதுதான் நாலு பேரைத் தெரியும், வேலை முடிந்தால் அறை, அறை விட்டால் வேலை என்று நீ கிடப்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. ரப்பர் அடி வைத்த செருப்பு வேண்டாம், தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். நகத்தை வெட்டிக்கொள். எவனாவது கையை நசுக்கினால், வலிக்குது, விடுங்க என்று நேரே சொல், சிரித்து மழுப்பாதே. முதல் மூன்று வகுப்பில் அழுகை வரும், அதற்காக நிறுத்திவிடாதே. சாப்பிட்டுவிட்டு உடனே ஆடாதே, சாப்பிடாமலும் ஆடாதே.

இதை எழுதி நாலு நாளாகிவிட்டது, தபால் பெட்டிவரை இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தேன். சத்தியம் குத்திக்கொண்டே இருந்தது. நேற்று சனிக்கிழமை, வகுப்பில் ஜோடி மாற்றினார்கள். அப்பாவுக்கு உன் வயசில் ஒரு பெண் வந்தாள், ஆஸ்பத்திரியில் நர்சாம், அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தவள், பயத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஆடினாள். இவர் ஒன்றும் கேட்காமலே பாட்டு முழுவதும் அவளைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனார். காரில் வந்து உட்கார்ந்தவர் பெல்ட்டைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பொண்ணு என்னமோ சொல்லிட்டே இருந்தா, என்னன்னு தெரியல, தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு என்றார். பிறகு, நம்மவ இப்படித்தான் எத்தனை சொல்லியிருப்பாளோ என்றார். நான் வண்டியை எடுக்கவில்லை. மிஷின் கொடுத்த காது டாக்டரை மறுபடி பார்க்கலாமா, தகரச் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று அவரே கேட்டார். அந்த மிஷினைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் உன் பிறந்தநாளன்று அவரே உனக்குப் போன் போட்டு, காது விஷயத்தைத் தன் வாயால் சொல்லப் போகிறாராம். அன்னிக்கு போன்ல நான் என்ன சொன்னேன்னு அவகிட்டயே கேக்கணும், அதுலேர்ந்து அவ ஏன் என்கிட்ட பேசறதே இல்லன்னு எனக்கு இன்னும் தெரியல என்றார். அத்தோடு விடாமல், நீ அவளுக்கு எழுதிட்டிருக்கன்னு தெரியும், அட்டையப் பாத்தேன், டான்ஸ் பத்தி மட்டும் எழுது, மத்தத நான் சொல்லிக்கறேன் என்றும் சொல்லிவிட்டார்.

நான்தான் எல்லாவற்றையும் எழுதித் தொலைத்துவிட்டேனே. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ அவரைத் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதை இன்னும் ஒரு நாள்கூட என்னால் தாங்க முடியாது. அவரைப் பொறுத்தவரை இது நடனம் பற்றிய கடிதம், அப்படியே இருக்கட்டும்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடியில்லாமல், நாலு நல்ல மனுஷர் நடுவில் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், எங்கள் இருவர் மனசும் எப்போதும் உன் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிறந்தநாளன்று அப்பா போன் பண்ணும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. மெதுவாகப் பேசு, கத்தாதே, குறுக்கே பாயாதே. அவர் சொல்லச் சொல்ல, இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவள் போலக் கேட்டுக்கொள். அழுகை வந்தால் அழு, அதற்கு நீ நடிக்க வேண்டியிருக்காது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா