வலப்பக்கம் போன மாதா

என் ஆசைச் சவரி மச்சானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மாதா கோயில் படத்துக்கு நீ ஊசியால் துளைபோட்ட தாளைக் காற்றுத்தான் புரட்டியது என்றேனே, பொய். பீடி பற்றவைக்கும் அவசரத்தில் நான்தான் அதைப் பலகையில் மறுபுறமாக ஒட்டினேன். நீ கவனிக்காமல் துளைகளின் மேல் கரித்தூளைத் தட்டிக் கோடெடுத்தாய். பங்குச் சுவாமி தந்த காலண்டரில், சிலுவையின் இடப்பக்கம் நின்று அழுத மாதா, உன் பலகையில் வலப்பக்கம் நின்று அழுதா. யாரோ வெளிநாட்டுப் பெரிய ஓவியர் கீறியதை நாம் கல்முனையில் திருப்பிப் போட்டோம். சூறாவளிக்குப் பிறகு கட்டிய கோயில். திறப்பு நாள் நெருங்கிவிட்டது. அழித்துக் கீற நேரமிருக்கவில்லை.

நீ மௌத்தாகி, உன்னை அடக்கி நாற்பது நாள் கழியவில்லை, சினிமாப் பலகை கீறும் பிலிப்பு படத்தின் மூலையில் தன் பெயரை எழுதிவிட்டான். நீ அவனுக்குச் சாயம் கரைத்துக் கொடுத்தவனாம். புதிதாக வந்த சுவாமியும் நம்பிவிட்டார். உன் தாளையும் அந்தக் காலண்டரையும் தேடி எடுத்தேன், மச்சான்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் நிற்கும்போது பிலிப்பிடம் போனேன்.

"நான் முஸ்லிம் ஆள், எனக்கு விளங்கல்ல மாஸ்டர். மாதா ஏன் வலப்பக்கம் நிக்கிறா?"

"அசல்லயே அப்பிடித்தான்டா. அதப் பாத்துத்தானே கீறின."

"ஓம் மாஸ்டர். அசல் இதுதானே?" என்று காலண்டரை விரித்தேன்.

"அது... கை தவறிட்டு."

"படம் முழுக்கவா கை தவறின?"

சனம் சிரித்தது. பிறகு உன் தாளை மறுபுறமாகப் படத்தின் மேல் பிடித்தேன். ஒவ்வொரு துளையும் கோட்டில் போய் உட்கார்ந்தது. தாளைத் திருப்பிக் காட்டினேன், ஓரத்தில் உன் கையெழுத்து. சுவாமி ஒரு சுரண்டுகத்தியை அவனிடம் நீட்டினார். முழங்காலில் நின்று தன் பெயரைச் சுரண்டினான்.

"மெல்ல மாஸ்டர், மாதாட கால் கிட்டக்கிடக்கு," என்றேன். இவ்வளவு இனிப்பாக நான் ஒன்றும் தின்றதில்லை.

மன்னிக்கச் சொன்னார் சுவாமி. நீ மன்னித்திருப்பாய். அல்லது என்னோடு சேர்ந்து சிரித்திருப்பாயா? நான் மன்னிக்க மாட்டேன். இந்த ஊரில் அவன் எந்தக் கடைக்குப் பலகை எழுத ஏணி சாத்தினாலும், கீழே நின்று இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வேன். இது என் வாக்கு.

வெள்ளிக்கிழமை அந்த மூலையில் உன் பெயரை எழுதினேன். எழும்பும்போது நீலச் சாயத் தகரத்துக்குள் வலது கால் போய்விட்டது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். அதற்குள் பள்ளியில் ஜும்ஆத் தொழுகை தவறிவிட்டது.

உன் மச்சான்,
அனீபா